வெடியுப்பும் கிணற்று ஜலமும்

வடுகபட்டிக் கிணற்று ஜலத்தைக் குடிப்பதற்கு ஆகாதென்று நாம் சொல்லமாட்டோம். ஆயினும் நம் ரசாயன வகுப்பில் ஒரு மாணாக்கனை அது பொய்யனாக்கிவிட்டது.

நாம் கொடுத்த வெடியுப்பை அந்த ஜலத்தில் கரைத்து, நைட்ரிக் அமிலமும் வெள்ளி நைட்ரேட்டும் சில துளிகள் விட்டான். பால்போல் வெளுத்தது. "குளோரைடு, ஐயா" என்றான். கவனக்குறைவென்று கடிந்து, அவனுடைய நோட்டில் சிவப்பு மையால் அடித்தோம். மணி அடித்த பின்னரே வெறும் ஜலத்தைச் சோதிக்கத் தோன்றிற்று. அதுவும் வெளுத்தது! கிணற்று ஜலத்தில் கறியுப்பின் இனம் இல்லாமல் இருக்குமா? பையன் கண்டது மெய்யே.

மறுநாள் அவனைக் கொண்டே ஜலத்தைக் கொதிக்க வைத்து, ஆவியைக் குளிர்வித்து வடித்தோம். உப்புக்கள் குடுவையிலேயே தங்கின. வடிந்த ஜலம் துளி விட்டபோதும் தெளிந்தே நின்றது.

வடித்ததையும் கண்மூடி நம்பலாகாது. பிரான்ஸ் தேசத்து லவாய்சியர் 1768-69இல் கண்ணாடிப் பாத்திரத்தில் 101 நாள் ஜலத்தைக் காய்ச்சினார். அதில் கண்ட மண், ஜலம் மாறியதன்று, கண்ணாடி கரைந்ததே என்று நிறுத்துக் காட்டினார். ஆகையால் சீசாவில் வைத்த ஜலத்தையும் அவ்வப்போது சோதிக்கிறோம்.

நோட்டிலிருந்த சிவப்புக் கோட்டை நாமே அடித்துக் கையெழுத்திட்டோம்.