வாத்து இல்லாத மாதத்தில் வீராணம்

வீராணம் ஏரிக்கு எல்லோரும் மார்கழி, தையில்தான் போகிறார்கள். லால்பேட்டையில் ஏறி, கரைச் சாலையில் ஓரமாக வண்டியை நிறுத்தி, தண்ணீரைப் பின்னால் வைத்து நாலு செல்ஃபி. முடிந்தது. ஒருமுறை சித்திரை, வைகாசியில் போய்ப் பாருங்களேன்.

'வெயிலில் அங்கே என்ன இருக்கு?' என்பீர்கள். அமெரிக்காவின் வாத்து வேட்டைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள். அங்கே சட்டப்படி சீசன் உண்டு. சீசன் முடிந்ததும் பொம்மை வாத்துகளுக்குப் பெயின்ட் அடிப்பது, நாய்க்குப் பயிற்சி, எந்தக் குட்டையில் தண்ணீர் நிற்கிறது என்று சுற்றிக் குறிப்பெடுப்பது என அடுத்த சீசன் வரை வேலை இருக்கும். கூடவே 25 டாலருக்கு 'வாத்து ஸ்டாம்ப்' வாங்க வேண்டும். 1934-ல் வந்த ஏற்பாடு. அந்தக் காசில் 98 சதவீதம் நீர்நிலைகளைக் காப்பாற்றப் போகிறது. சுடுகிறவர் பணத்தில் வாத்துக்கு வீடு! கொஞ்சம் விசித்திரம்தான்.

நம் ஊரில் அந்தப் பேச்சே கிடையாது. 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகும் லைசென்ஸ் வாங்கிச் சில பறவைகளைச் சுட வழி இருந்தது. 1991 திருத்தம் அதையும் அடைத்தது. இன்று காட்டு வாத்தைப் பிடித்தால் 3 ஆண்டு வரை சிறை, 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேடந்தாங்கல் மக்கள் இதற்கெல்லாம் முன்னோடிகள். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் பறவைகளைச் சுடுவதை எதிர்த்து, 1798-லேயே செங்கல்பட்டு கலெக்டரிடம் பாதுகாப்பு உத்தரவு வாங்கியவர்கள்.

ஆனாலும் டெல்டாவில் வலை விரிப்பது நிற்கவில்லை. அதனால்தான் கோடைப் பயணம் முக்கியம் என்கிறேன்.

நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, கரண்டி மாதிரி அலகுள்ள தட்டைவாயன் எல்லாம் ஆழத்தில் முங்கி இரை தேடுவதில்லை. கழுத்தை நீட்டினால் எட்டுகிற தண்ணீர்தான் தோது. வீராணத்தின் பெரிய கரை கிழக்கே. மேற்கே நிலம் மெல்லச் சரிந்து ஏரிக்குள் இறங்குகிறது. ஏரி நிரம்பினால் அந்தச் சரிவில்தான் ஆழமில்லாத தண்ணீர் பரவும். எங்கே சேறு, எங்கே நாணல், எங்கே ஆகாயத்தாமரை மூடியிருக்கிறது என்பது தண்ணீர் வற்றினால்தான் கண்ணில் படும். மழைக்காலத்தில் எல்லாம் ஒரே வெள்ளிப் பரப்பு.

இன்னொரு விஷயம். இந்த வாத்துகள் பகலில் ஏரியில் ஓய்வெடுத்து, இருட்டியதும் வயலுக்கு இரை தேடப் போகும். ஏரிக்கும் வயலுக்கும் நடுவில் தாழப் பறக்கும் அந்தத் தடத்தில் வலை நின்றால் போதும். வெறும் வரப்பில் சம்பந்தமில்லாமல் நட்ட உயரக் கம்புகள், சுருட்டி வைத்த நைலான் வலை கண்ணில் பட்டால் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்களே பிடுங்கப் போக வேண்டாம். வனத்துறைக்கோ போலீசுக்கோ சொல்லுங்கள்.

அறுவடை முடிந்த வயலில் நூற்றுக்கணக்கில் வாத்து மேய்ந்து, பின்னால் ஒருவர் கோலோடு நடந்தால் பதற வேண்டாம். அது வளர்ப்பு வாத்துப் பட்டி. அந்தக் கறியும் முட்டையும் சாப்பிடத் தடையில்லை. 'ஏரி வாத்து, ஃப்ரெஷ்' என்று யாராவது ரகசியமாக நீட்டினால் அது வேறு கதை.

கீழணையிலிருந்து வடவாற்றில் தண்ணீர் விட்டதும் ஏரி மறுபடி ஏறத் தொடங்கும். அதற்குள் நீங்கள் எடுத்த போட்டோக்களை இடம், தேதியோடு பத்திரப்படுத்துங்கள். ஜனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். 1987 முதல் நடக்கிறது, தன்னார்வலர்களும் சேரலாம். கணக்கெடுக்க வருகிறவர்களிடம் வைகாசியில் எடுத்த மேற்குக் கரைப் படத்தைக் காட்டினால், எங்கே நின்று எண்ணலாம் என்று அவர்களே உங்களைக் கேட்பார்கள்.