நஞ்சு திறக்கும் கதவு



உங்கள் பிள்ளையின் கிளினிக் கார்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்கள். இரண்டாம், நான்காம், ஆறாம் மாதங்களில் ஏற்றுகின்ற ஊசியிலே தொண்டைக்கரப்பான் என்கிற டிப்தீரியாவுக்கும், ஏற்புவலிக்கும் உரிய மருந்து அடங்கியிருக்கிறது. "இந்தக் காலத்தில் யாருக்கு அந்த வருத்தம்? ஊசி போட்டால் இரவெல்லாம் காய்ச்சல், பிள்ளை தூங்குவதில்லை" என்று அடுத்த ஊசியைத் தள்ளிப்போடும் தாய்மார் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இம்மாதம் எழுதுகிறேன். விஷயம் சற்று விஞ்ஞானம்தான், பயப்படாதீர்கள். அடுப்படியில் நிற்பவருக்கு இது விளங்காத சங்கதியல்ல.

டிப்தீரியாக் கிருமி பெரும்பாலும் தொண்டையில்தான் தங்குகிறது. ஆனால் இதயம் பழுதாகிப் பிள்ளைகள் இறக்கிறார்கள். தொண்டையில் இருப்பது இதயத்தை எப்படித் தொட்டது? 1888இல் பாரிஸில் ரூ, யெர்சின் என்ற இருவர், கிருமிகளை வடிகட்டி நீக்கிய திரவத்தைப் பிராணிகளுக்கு ஏற்றிப் பார்த்தார்கள். கிருமியே இல்லாத திரவமும் கொன்றது. கிருமி கக்கிய நஞ்சுதான் இரத்தத்தோடு ஓடிப் போயிருக்கிறது.

அந்த நஞ்சு ஒரு புரதம். நம் உடம்பின் ஒவ்வொரு கலத்தையும் கொழுப்பாலான மென்சவ்வு ஒன்று மூடியிருக்கிறது. அதன் தடிப்பு ஏறத்தாழ ஐந்து நனோமீற்றர். ஒரு மில்லிமீற்றரை இரண்டு இலட்சம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு! மெல்லியதுதான், ஆனாலும் கொழுப்பல்லவா? ஆணத்தின் மேல் மிதக்கும் எண்ணெயோடு தண்ணீர் சேர்வதில்லை. அதுபோல நீரில் கரைந்து வரும் புரதம் இதை ஊடுருவ முடியாது. பின் எப்படி உள்ளே போனது?

இதைக் கண்டுபிடித்த விதம் ரசமானது. ஒட்டாத தாச்சிகளில் பூசுகின்ற டெப்லோனால் ஒரு தடுப்புச் செய்து, அதில் சின்னஞ்சிறு துளையிட்டு, இரு புறமும் உப்பு நீர் வைப்பார்கள். துளையின் குறுக்கே சவர்க்காரக் குமிழிபோல ஒரு கொழுப்புப் படலத்தைக் கட்டுவார்கள். கறுப்பாகத் தெரியுமளவுக்கு மெல்லிய படலம் அது. மின்னழுத்தம் கொடுத்தால், படலம் மட்டும் இருக்கும்போது மின்னோட்டம் அநேகமாக இல்லை. ஒரு பக்கத்து நீரை அமிலமாக்கி அதில் டிப்தீரியா நஞ்சைச் சேர்த்தபோது மின்னோட்டம் படிப்படியாகத் தாவி ஏறியது. ஒவ்வொரு படியும் ஒரு நுண்ணிய கதவு திறப்பது! நஞ்சு இருக்கும் பக்கம் நேர் மின்னாக இருந்தால் கதவு திறக்கிறது. மின்னைத் திருப்பிவிட்டால் மூடிக்கொள்கிறது. 1981இல் அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் இத்தகைய கதவுகளைக் கண்டறிந்தன. 1985இல் ஏற்புவலி நஞ்சும், பொட்டுலினம் நஞ்சும் இதையே செய்வதாகத் தெரிந்தது. முகச்சுருக்கத்தை மறைக்கச் சில சீமாட்டிகள் காசு கொடுத்து ஏற்றிக்கொள்ளும் 'போடொக்ஸ்' இந்தப் பொட்டுலினம்தான்.

இனி உடம்புக்குள் நடப்பதைப் பாருங்கள். நஞ்சின் ஒரு பாதி கலத்தின் வெளியே ஒட்டிக்கொள்கிறது. கலம் அதை ஏதோ உணவென்று ஒரு சின்னப் பைக்குள் இழுத்துக்கொள்கிறது. பின்பு அந்தப் பையைத் தானே அமிலமாக்குகிறது. பாலில் தேசிக்காய் பிழிந்தால் திரைவது ஏன்? அமிலம் பட்டதும் புரதம் தன் பழைய நிலையில் நிற்பதில்லை. நஞ்சும் அப்படியே உருக்குலைந்து, உள்ளே ஒளித்து வைத்திருந்த கொழுப்பை நாடும் பகுதியை நீட்டி, பையின் சவ்வில் கதவாக நின்றுவிடுகிறது. பையின் உட்புறம் நேர் மின்; கதவு திறக்க வேண்டிய அதே திசை! மற்றப் பாதி, நூல் பந்து பிரிந்து ஊசிக் காதில் நுழைவதுபோல, அதனூடாகக் கலத்துக்குள் இறங்குகிறது. வேறெந்தப் புரதத்தின் துணையும் இல்லாமல், வெறும் கொழுப்புப் படலத்திலேயே அது அப்பால் போவதை 1999இல் நியூயோர்க், ஹார்வர்ட் ஆய்வாளர்கள் காட்டினார்கள். உள்ளே போனதும் கலம் புரதம் ஆக்கும் வேலையையே நிறுத்திவிடுகிறது. ஒரு கலத்தைக் கொல்ல அதன் ஒரே ஒரு மூலக்கூறு போதும் என்று 1978இலேயே கண்டிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் கொடுக்கும் நச்சுமுறி மருந்து இரத்தத்தில் திரியும் நஞ்சைத்தான் பிடிக்கும். கதவைத் தாண்டியதை அதனால் எட்டவே முடியாது. ஆகவேதான் தொண்டையில் சாம்பல் நிறப் படலத்தைக் கண்ட டொக்டர், பரிசோதனை முடிவு வரும்வரை காத்திராமல் மருந்தை ஏற்றுகிறார். தடுப்பூசி அதற்கும் முந்தியது. வீரியம் நீக்கிய நஞ்சைக் காட்டி, நஞ்சு கலத்தில் ஒட்டுமுன்னரே அதைப் பற்றிக்கொள்ளும் பிறபொருளெதிரிகளை உடம்பில் முன்கூட்டியே ஆக்கி வைக்கிறது.

"யாருக்கு அந்த வருத்தம்" என்பவர்களுக்கு ஒன்று: 2017 இறுதியில் வங்காளதேசத்தின் கொக்ஸ் பஸார் முகாம்களில், தடுப்பூசி சரிவரக் கிடைக்காத ரோஹிங்கியாப் பிள்ளைகளிடையே டிப்தீரியா பரவி உயிர்களைக் குடித்தது. பாதுகாப்பும் காலத்தோடு தேய்ந்து போகும். அதனால்தான் ஒன்றரை வயதிலும், ஐந்து வயதிலும், பாடசாலையில் பதினொரு வயதளவிலும் மீண்டும் ஊசி வருகிறது. பெரும்பாலும் விடுபட்டுப் போவது அந்தக் கடைசி ஊசிதான். கார்டில் அந்தக் கட்டம் வெறுமையாக இருந்தால் மருத்துவமாதுவிடம் இந்த வாரமே காட்டுங்கள்.