பாட்டுக்கு வாடகை கட்டும் புத்திசாலிகளுக்கு

அப்பாவோட கேசட்டுகளைக் காயலான்கடைக்குப் போடச் சொன்னது நான்தான். "எல்லாம் போன்லயே இருக்குப்பா, இதை எதுக்கு அடைச்சு வச்சிருக்கீங்க?"ன்னு கேட்ட மகா புத்திசாலி. நெய்வேலியில நைட் ஷிப்ட் பாத்து, மிச்சம் பிடிச்ச காசுல பண்ருட்டியில ஒண்ணொண்ணா வாங்கினது. பாதி போயிடுச்சு. அம்மா பரண் மேல எடுத்து வச்சதால 84 மட்டும் தப்பிச்சது.

போன மாசம் ஊருக்குப் போனப்ப அப்பா போனை நீட்டினார். "தம்பி, இதை அமுக்கினா பாட மாட்டேங்குதே?" பாட்டோட பேர் மங்கிக் கிடந்தது. சந்தா கட்டியாச்சு, நெட் இருக்கு, பாட்டு மட்டும் இல்லை. எந்தச் செயலின்னு கேக்காதீங்க, எல்லாம் ஒரே குட்டைதான்.

2019-ல் சரிகமவுக்கும் ஸ்பாட்டிஃபைக்கும் தகராறு. பழைய எச்.எம்.வி. பாட்டெல்லாம் சரிகமகிட்டதான். அத்தனையும் அங்கேர்ந்து காணாமப் போச்சு, 2020-ல்தான் திரும்ப வந்தது. அதே 2020 கடைசியில் கூகுள் ப்ளே மியூசிக்கை மூடினாங்க. 2024-ல் விங்க் மியூசிக்குக்கும் பூட்டு. சந்தான்னா வாடகைங்க. வீட்டுக்காரர் காலி பண்ணச் சொன்னா பெட்டியைத் தூக்க வேண்டியதுதான்.

"அதுக்கு லினக்ஸ் சர்வரா? நமக்கு ஆகாதுப்பா"ன்னு சொல்றவங்களுக்கு: மூலையில தூங்கற பழைய லேப்டாப் போதும். டெபியன் போடுங்க. மியூசிக் ப்ளேயர் டீமன், சுருக்கமா எம்பிடி, ஒரே கட்டளையில இறங்கிடும். அமைப்புக் கோப்புல பாட்டு இருக்கற ஃபோல்டரைக் காட்டணும். அதே கம்ப்யூட்டருக்கு மட்டும் காது கொடுக்கற மாதிரி இருக்கறதை, வீட்டு வைஃபைல இருக்கற போனுக்கும் கேக்கற மாதிரி மாத்தணும். அவ்ளோதான். 6600 போர்ட்டை வெளி உலகத்துக்குத் திறந்து விட்டுடாதீங்க. ஆம்ப்ளிஃபயர்ல பாடும், போன் வெறும் ரிமோட். நெட் போனாலும் பாடும்.

லினக்ஸ் தோழர்களே, உங்களுக்கும் ஒண்ணு. யாராவது பாட்டு கேக்க வழி கேட்டா எட்டு கன்டெய்னர் ஏத்தச் சொல்லி ஓட விடாதீங்க!

கஷ்டமே இல்லைன்னு பொய் சொல்ல மாட்டேன். ஒரு மணி நேர கேசட்டைப் பதிய ஒரு மணி நேரம் ஆகத்தான் செய்யும். ஆடாசிட்டியில பதிஞ்சு ஃப்ளாக்கா மாத்தினா ஒண்ணு சுமார் 300 எம்பி. 84-ம் சேர்த்து 25 ஜிபி. அப்பாவோட இருபது வருஷச் சேமிப்பு ஒரு பென்டிரைவ்ல அடங்கிடும். ஹார்ட் டிஸ்க் ஒருநாள் சாகும், அதனால ரெண்டு இடத்துல வைங்க.

"திருட்டு இல்லையா?"ன்னு கேக்கறீங்களா? காசு கொடுத்து வாங்கின கேசட்டை நம்ம வீட்டுல நாம கேக்கறதுக்குப் பதியறோம். ஊருக்கு விநியோகம் பண்ணலை.

இதுவரைக்கும் 19 முடிஞ்சிருக்கு. அப்பா பக்கத்துலயே உக்காந்து எந்தக் கேசட் எந்த போனஸ்ல வாங்கினதுன்னு சொல்லிட்டே இருக்கார். போன பாதியைப் பத்தி இதுவரை ஒரு வார்த்தை கேக்கலை. அதுதான் உறுத்துது.

உங்க வீட்டுப் பரண் மேல என்ன இருக்குன்னு ஏறிப் பாருங்க, காயலான்கடைக்காரர் வர்றதுக்குள்ள.