வளர்ச்சியின் விலை யாருக்கு? பழவேற்காட்டுக் கரையின் கேள்வி

மாலையில் மெரினாவுக்குக் காற்று வாங்கப் போகும் நம்மில் எத்தனை பேருக்கு அந்த அகன்ற மணற்பரப்பின் வரலாறு தெரியும்? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் சென்னைத் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் அலைதடுப்புச் சுவர்கள் எழுப்பப்பட்டன. நம் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதியும் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணல் அந்தச் சுவரில் தடைப்பட்டுத் தெற்கே குவிந்தது, மெரினா அகன்றது. வடக்கே போக வேண்டிய மணலோ போய்ச் சேரவில்லை. இராயபுரம் தொடங்கித் திருவொற்றியூர் வரை மீனவக் குப்பங்கள் கரையை இழந்தன. மணல் இருந்த இடத்தில் இன்று கருங்கற்கள் கிடக்கின்றன.

இந்தப் பழைய கதையை இப்போது நினைவுபடுத்துவதற்குக் காரணம், அதே கரையில் இன்னும் வடக்கே உள்ள கட்டுப்பள்ளி. 2018இல் அதானி குழுமம் வாங்கிய இத்துறைமுகம் ஏறத்தாழ 330 ஏக்கரில் அமைந்தது. அதை 6,111 ஏக்கராக விரிவாக்கத் திட்டம் தீட்டப்பட்டது. இதில் ஏறக்குறைய 2,000 ஏக்கர், கடலைத் தூர்த்து உருவாக்க வேண்டிய நிலம். ஆண்டுக்குச் சுமார் 2.5 கோடி டன் சரக்கைக் கையாளும் திறனை 32 கோடி டன்னாக உயர்த்துவது நோக்கம்.

கட்டுப்பள்ளிக்கு வடக்கே பழவேற்காடு இருக்கிறது. சில்காவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அது. கடலுக்கும் காயலுக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய மணல் திட்டு. அந்தத் திட்டு அரிக்கப்பட்டால் ஏரி என்னாகும்? முகத்துவாரம் என்னாகும்? மழைக்காலத்தில் ஆரணியாற்று வெள்ளம் எப்படி வடியும்? இவையே அங்குள்ள மக்களின் கேள்விகள். மெரினாவின் வரலாறு தெரிந்தவர் இவற்றை வீண் அச்சம் என்று தள்ளிவிட முடியாது.

பழவேற்காட்டு மீனவர்களிடம் 'பாடு' என்றொரு வழக்கம் உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதை முறை வைத்துப் பகிர்ந்துகொள்கிறார்கள். அதே ஏரியில் இருளர் குடும்பங்கள் இடுப்பளவு நீரில் இறங்கி, வெறுங்கையால் சேற்றைத் தடவி இறால் பிடிக்கின்றன. இவர்களுள் பலருக்கு இந்த ஏரி பட்டாவில் எழுதப்பட்ட சொத்து அல்ல. எனவே இழப்பீட்டுக் கணக்கு போடும்போது இவர்கள் பெயர் ஏட்டில் ஏறுவது அரிது. நிலம் கொடுத்தவருக்குப் பணம் கிடைக்கும். நீரை இழந்தவருக்கு என்ன கிடைக்கும்?

துறைமுகம் வேண்டாம் என்று யாரும் எளிதில் சொல்லிவிட முடியாது. நாம் வாங்கும் பொருள்களில் பல கப்பலில்தான் வருகின்றன. நம் பிள்ளைகளுக்கு வேலையும் வேண்டும். ஆனால் நன்மை ஓரிடத்துக்கும் இழப்பு வேறிடத்துக்கும் போகும்போது, இழப்பவரிடம் முதலில் கேட்பதே நீதி. 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கை இதற்காகவே பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டத்தை வைத்திருக்கிறது. கட்டுப்பள்ளிக்காக 2021 சனவரி 22இல் நடக்கவிருந்த கூட்டம் தள்ளிப்போனது. 2023 செப்டம்பர் 5 என்று குறிக்கப்பட்ட கூட்டமும் ஒத்திவைக்கப்பட்டது. ஒத்திவைப்பு நிம்மதி தருவதில்லை. வீடு கட்டுவதா, புதுப் படகு வாங்குவதா என்று முடிவெடுக்க முடியாமல் குடும்பங்கள் காத்துக் கிடக்கின்றன.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' திருமடலில் இதைப் பற்றித் தெளிவாகப் பேசியிருக்கிறார். திட்டத்தை முடிவு செய்துவிட்டு, அதன்பின் ஒப்புக்காகச் சுற்றுச்சூழல் ஆய்வு செய்வது கூடாது. அந்த இடத்தில் வாழும் மக்களுக்குப் பேச்சுவார்த்தையில் தனி இடம் வேண்டும் என்பது அவர் கருத்து.

நாம் என்ன செய்யலாம்? மகிமை மாதா திருத்தலத்துக்குத் திருப்பயணம் போகும் நாம், படகுத்துறையில் நிற்கும் மீனவரிடம் அரை மணி நேரம் பேசிப் பார்க்கலாம். நம் ஊர்ப் பக்கம் எந்தத் திட்டம் வந்தாலும், அதன் அறிக்கைச் சுருக்கத்தைத் தமிழில் கேட்டு வாங்கிப் படிக்கலாம். கூட்டம் நடக்கும்போது ஊரோடு சேர்ந்து போய், மணல் எங்கே போகும், மழைநீர் எங்கே போகும், பட்டா இல்லாதவர் எங்கே போவார் என்ற மூன்று கேள்விகளையாவது கேட்கலாம். பதில் எழுத்தில் வரட்டும்.

இராயபுரத்து மக்களிடம் அன்று யாரும் கேட்கவில்லை. பழவேற்காட்டு மக்களிடம் கேட்பதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. சிந்திப்போம்.