இதுவும் ஓர் உத்தியோகமா?

சென்ற மாதம் ஒரு கல்யாணத்திற்காகச் சேலம் போயிருந்தேன். தாலி கட்டி, இலை எடுத்ததும் நேரே ஊர் திரும்பியிருக்கலாம். ஆனால், ராசிபுரத்தில் என் பால்ய சிநேகிதி ஒருத்தி இருக்கிறாள். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு என்னைப் பார்க்காமல் போனால், இந்த ஜன்மத்தில் உன்னோடு பேச மாட்டேன்" என்று போனில் மிரட்டினாள். அந்த மிரட்டலில் கொஞ்சம் நெய் வாசனையும் கலந்திருந்தது. ராசிபுரத்து நெய் என்றால் சும்மாவா? பஸ் ஏறிவிட்டேன்.

வழியெல்லாம் ஜவ்வரிசி ஆலைகளின் களங்களில் வெள்ளை வெளேரென்று மாவு காய்ந்து கொண்டிருந்தது. எதிரே நாமக்கல் முட்டை லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக, உடைந்துவிடுமோ என்ற கவலை சிறிதும் இல்லாமல் பறந்தன. இந்தச் சீமையில் எல்லாருக்கும் வேலை இருக்கிறது, எல்லாரும் அவசரமாக இருக்கிறார்கள் என்று எண்ணிக் கொண்டே போய்ச் சேர்ந்தேன்.

சிநேகிதி வீட்டில் காப்பிக்கு முன்பே ஒரு வழக்குக் காத்திருந்தது.

அவளுடைய ஒரே பெண் கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கிறாள். கல்லூரி வாலிபால் அணியில் ஆடுகிறாள். ஒல்லியாய், உயரமாய், கண்ணில் துறுதுறுப்போடு இருக்கிறாள். பட்டம் வாங்கியதும் உடற்கல்வி படித்து, பெண்களுக்கு விளையாட்டுப் பயிற்சியாளர் ஆக வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். அப்பாவோ, "பாங்குப் பரீட்சை எழுது" என்கிறார். எல்லாருக்கும் மேலே அப்பத்தா. ஊஞ்சலில் உட்கார்ந்து வெற்றிலை இடித்துக் கொண்டே தீர்ப்பை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டாள்.

"நீயே சொல்லு அம்மணி. மூணு வருஷம் காலேசுல படிச்சுப்போட்டு, வெயில்ல நின்னு விசிலு ஊதறதா? இதுவும் ஒரு உத்தியோகமா?"

பெண் என்னைப் பார்த்தாள். "சித்தி, நீங்க சொன்னா அப்பத்தா கேட்பாங்க!"

நான் எழுதுகிறவள் என்பதால் எனக்கு எல்லாம் தெரியும் என்று இவர்களுக்கு ஒரு நினைப்பு. அந்த நினைப்பைக் கெடுப்பானேன்? "தீர்ப்புச் சொல்வதற்கு முன் சாட்சிகளை விசாரிக்க வேண்டாமா, பாட்டி?" என்றேன். அப்பத்தா வெற்றிலை உரலைக் கீழே வைத்தாள்.

முதல் சாட்சி, பக்கத்திலேயே இருக்கும் நாமக்கல். "அங்கே மாட்டு வைத்தியக் கல்லூரி இருக்கிறதே, தெரியுமா?" என்றேன். தெரியாமல் என்ன? 1985-ல் தொடங்கிய அந்தக் கல்லூரியைப் பால்மாடு கட்டியிருக்கும் வீடுகள் எல்லாம் அறியும்.

அங்கே படித்த பெண்தான் துளசிமதி முருகேசன். காஞ்சிபுரத்துப் பெண். பிறவியிலேயே இடது கையில் குறை. கால்நடை மருத்துவப் படிப்பு ஒரு பக்கம், பாட்மின்டன் மட்டை ஒரு பக்கம். 2023 அக்டோபரில் சீனாவின் ஹாங்சோவில் நடந்த ஆசிய மாற்றுத்திறனாளிகள் போட்டியில் ஒற்றையர் ஆட்டத்தில் தங்கம் வாங்கினாள். மறு வருஷம் பாரிஸ் பாராலிம்பிக்ஸ். அரை இறுதியில் மற்றொரு தமிழ்ப் பெண்ணான மனிஷா ராமதாஸை வென்று இறுதி ஆட்டத்துக்குப் போனாள். 2024 செப்டம்பர் 2-ஆம் தேதி சீனத்து யாங் சியூஷியாவிடம் 17-21, 10-21 என்று தோற்று வெள்ளிப் பதக்கத்தோடு வந்தாள். பிறகு அர்ஜுனா விருதும் கிடைத்தது.

"சரி, கெட்டிக்காரப் புள்ள. அதுக்கும் இதுக்கும் என்ன?" என்றாள் அப்பத்தா.

"அவள் கையில் முதலில் மட்டையைக் கொடுத்துச் சொல்லிக் கொடுத்தது யார் தெரியுமா, பாட்டி? அவளைப் பெற்ற அப்பா. அன்றாடக் கூலி வேலைக்குப் போகிற மனுஷர்."

ஹைதராபாத்தில் கோபிசந்தின் பெரிய பயிற்சிக் கூடமெல்லாம் பிற்பாடு வந்தது. அதற்கு முந்தின வருஷங்களில் வேலைக்குப் போய் வந்த களைப்போடு மைதானத்துக்குக் கூட்டிப் போனவர் தகப்பனார்தான். சம்பளம் கிடையாது, பதவிப் பெயர் கிடையாது. ஆனால், அவர் செய்தது பயிற்சியாளர் வேலை. கை சரியில்லாத பெண்ணுக்கு விளையாட்டு எதற்கு என்று அவர் நினைத்திருந்தால், அந்த வெள்ளி பாரிஸிலேயே வேறு யார் கழுத்திலோ தொங்கியிருக்கும்.

அப்பத்தா ஒன்றும் சொல்லவில்லை. எங்கள் பேச்சைக் கேட்காதவர்போல் பத்திரிகை படித்துக் கொண்டிருந்த பெண்ணின் அப்பா, ஒரே பக்கத்தை வெகு நேரமாகப் படித்துக் கொண்டிருந்தார்.

இரண்டாம் சாட்சியை அமெரிக்காவிலிருந்து அழைத்து வந்தேன். பெயர் லிண்டா வோல்ஸ்டெட். அரிசோனா என்று ஒரு பாலைவனச் சீமை. அங்கே உள்ள அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பெண்களின் கோல்ப் அணிக்குப் பயிற்சியாளராக 1980-ல் பொறுப்பேற்று, 2001 வரை 21 வருஷம் இருந்த அம்மாள். கோல்ப் என்றால் என்னவென்று அப்பத்தாவுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. பரந்த புல்வெளி, 18 குழி, ஒரு சின்னப் பந்து, நீளக் கோலால் அடித்து ஒவ்வொரு குழியிலும் விழ வைக்க வேண்டும். குறைந்த அடியில் முடித்தவருக்கு ஜயம்.

"அட, நம்ம கோலிக்குண்டுதான். குச்சி வெச்சு ஆடறாங்களாக்கும்!" என்று ஒரே வாக்கியத்தில் அப்பத்தா அந்த ஆட்டத்தைப் புரிந்து கொண்டுவிட்டாள்.

அந்தக் கல்லூரி ஆட்டத்தில் ஒரு விசேஷம் உண்டு. ஓர் அணியில் ஐந்து பெண்கள் ஆடுவார்கள். அன்றன்றைக்கு நன்றாக ஆடிய நால்வரின் கணக்கைத்தான் சேர்த்துக் கொள்வார்கள். ஐந்தாவது பெண்ணின் கணக்குத் தள்ளுபடி. இன்றைக்குத் தள்ளுபடியானவள் நாளைக்கு முதலாவதாக வரலாம். இன்றைக்கு முதலாவதாக வந்தவள் நாளைக்குத் தடுமாறலாம். யார் எப்போது தடுமாறினாலும் நாலு பேராவது நிமிர்ந்து நிற்கும்படி ஐந்து பேரையும் பழக்கி வைப்பதுதான் பயிற்சியாளரின் சாமர்த்தியம்.

அந்தச் சாமர்த்தியத்தால் லிண்டா அம்மாளின் அணி 1990, 1993, 1994, 1995, 1997, 1998 என்று ஆறு முறை அமெரிக்கக் கல்லூரிகளின் தேசியப் பட்டத்தை வென்றது. அவரிடம் பழகிய எமிலி கிளைன் என்ற பெண் 1996-ல் பிரிட்டனின் பெண்கள் ஓபன் பட்டத்தையே வாங்கினாள்.

வாசகிகளுக்கு இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இதெல்லாம் அமெரிக்காவில் ஆகாயத்திலிருந்து விழுந்ததல்ல. கல்வி நிலையங்களில் ஆண், பெண் வித்தியாசம் பார்க்கக் கூடாது என்று 1972-ல் அங்கே ஒரு சட்டம் வந்தது. அதன் பிறகே பெண்கள் விளையாட்டுக்குக் கல்லூரிகளில் பணமும் மைதானமும் ஒழுங்காகக் கிடைத்தன. ஆனால், வேடிக்கையைக் கேளுங்கள். சட்டம் வருவதற்கு முன், பெண்கள் அணிகளின் பயிற்சியாளர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு மேல் பெண்களே. சட்டம் வந்தது, சம்பளம் உயர்ந்தது, உடனே நாற்காலியில் ஆண்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். இன்று அங்கே பெண்கள் அணிகளுக்குப் பெண் பயிற்சியாளர்கள் பாதிக்கும் குறைவு. சும்மா செய்கிற வரையில் பெண்கள் வேலை, சம்பளம் வந்தால் உத்தியோகம்! சமையலறையிலிருந்து வெளியே வந்து கல்யாணச் சமையல் காண்ட்ராக்டைப் பார்த்தாலே இது நமக்குத் தெரியாதா?

மூன்றாம் சாட்சியைச் சொல்லும்போது எனக்கே குரல் கொஞ்சம் தாழ்ந்தது. புதுக்கோட்டைச் சீமையில் கத்தக்குறிச்சிக் கிராமத்துச் சாந்தி சௌந்தரராஜன். செங்கல் சூளைக் கூலிகளின் மகள். 2006-ல் தோஹா ஆசியப் போட்டியில் 800 மீட்டர் ஓடி வெள்ளி வாங்கினார். ஊரெல்லாம் கொண்டாடி முடிப்பதற்குள், பாலினச் சோதனை என்ற பெயரில் அந்தப் பதக்கத்தைப் பறித்துக் கொண்டார்கள். அந்த அவமானத்தை வாயால் சொல்ல முடியாது. பின்னால் அவரே செங்கல் சூளைக்குக் கூலி வேலைக்குப் போன காலமும் உண்டு. அதோடு முடிந்து போயிருக்கலாம். ஆனால், பெங்களூருக்குப் போய்ப் பயிற்சியாளர் பட்டயம் படித்தார். தமிழ்நாட்டு அரசின் பயிற்சியாளராகி, ஏழைக் குழந்தைகளுக்கு ஓடச் சொல்லிக் கொடுத்தார். தம் கழுத்திலிருந்து கழற்றியதை அடுத்தவர் கழுத்தில் மாட்டிப் பார்க்க நினைத்தவரின் வேலை, உத்தியோகமா இல்லையா?

இப்போது பெண்ணின் அப்பா பத்திரிகையை மடித்து வைத்தார். "நீங்க சொல்றதெல்லாம் சரிங்க. நூத்துல ஒருத்தருக்கு இப்படி அமையும். மத்த தொண்ணூத்தொன்பது பேரு?" என்றார்.

நியாயமான கேள்வி. அவரை வில்லனாக்கிவிட எனக்கு மனமில்லை. பயிற்சியாளர் இடங்கள் குறைவு. பல இடங்களில் ஒப்பந்த வேலை, சம்பளமும் சொற்பம். விடியற்காலையில் மைதானம், மறுபடி அந்தியில் மைதானம். புகுந்த வீட்டார் இதைப் புரிந்து கொள்ள வேண்டும். இதையெல்லாம் பெண்ணின் எதிரிலேயே சொன்னேன். அவள் முகம் வாடவில்லை. "தெரியும், சித்தி" என்றாள்.

அவள் கணக்கும் போட்டு வைத்திருந்தாள். பி.பி.எட். படிப்பு இரண்டு வருஷம். அதை முடித்தால் பள்ளிக்கூட உடற்கல்வி ஆசிரியை ஆகலாம். மேலே படித்தால் கல்லூரி உடற்கல்வி இயக்குநர் பதவிக்கு முயலலாம். இதற்கென்றே சென்னையை அடுத்த மேலக்கோட்டையூரில் விளையாட்டுப் பல்கலைக்கழகம் இருக்கிறது. பயிற்சியாளர் பட்டயத்துக்கு 1961-லிருந்து பாட்டியாலாவில் தேசிய விளையாட்டுக் கழகம் இருக்கிறது. பாங்கு அதிகாரிப் பரீட்சையோ 30 வயது வரை எழுதலாம். "ரெண்டு வருஷத்துல பாங்கு எங்கேயும் ஓடிடாதுப்பா" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அப்பா சிரிக்கவில்லை, ஆனால், மறுக்கவும் இல்லை.

இத்தனை நேரம் ஒரு வார்த்தையும் பேசாமல் அடுப்பங்கரை வாசற்படியில் நின்றிருந்த என் சிநேகிதி அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"உனக்கு ஞாபகம் இருக்கா? ஒன்பதாவது படிக்கிறப்ப நான் இருநூறு மீட்டர் ஓடுவேன்."

எனக்குச் சுருக்கென்றது. இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தவர்கள். செருப்பில்லாத காலோடு, தாவணியை இழுத்துச் செருகிக் கொண்டு அவள் ஓடுவதை நான் கைதட்டிப் பார்த்திருக்கிறேன். அடியோடு மறந்து போயிருந்தேன்.

"மாவட்டப் போட்டிக்குப் பேர் கொடுத்தாங்க. ரெண்டு நாள் வெளியூர்ல தங்கணும். கூட வர்றதுக்கு டீச்சர் யாருமில்லை, சார்தான் வர்றார்னு தெரிஞ்சதும் எங்கப்பா வேண்டாம்னுட்டார். அந்த சார் ரொம்ப நல்லவர். எங்கப்பாவும் நல்லவர்தான். ஆனா, போட்டி அன்னைக்கு நான் வீட்டுல உட்கார்ந்து உளுந்து அரைச்சேன். அப்புறம் ஓடவே இல்லை. ஒரே ஒரு டீச்சர் கூட வந்திருந்தா..."

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதை அந்த வீட்டில் அவள் சொன்னதே இல்லையாம். பெண் அம்மாவையே பார்த்தபடி நின்றாள்.

சகோதரிகளே, நான் அமெரிக்காவிலிருந்து அழைத்து வந்த சாட்சியைவிட அடுப்பங்கரை சாட்சி பெரிதாகப் போய்விட்டது. மாதத்தில் மூன்று நாள் வயிற்று வலியோடு ஆட முடியாது என்பதை ஒரு பெண் யாரிடம் கூச்சமில்லாமல் சொல்வாள்? யாரோ கண்ணியக் குறைவாக நடந்தால் யாரிடம் போய் நிற்பாள்? வெளியூர் ஆட்டத்துக்கு எந்த நம்பிக்கையில் தாயார் மகளை அனுப்புவாள்? நல்ல ஆண் பயிற்சியாளர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனாலும், மைதானத்தில் ஒரு பெண் நின்றால், வீட்டுக்குள்ளேயே நின்றுபோன எத்தனையோ கால்கள் வெளியே வரும்.

அப்பத்தா வெகு நேரம் உரலைக் கையில் எடுக்கவில்லை. பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"ஏன் அம்மணி, அந்தக் கோலிக்குண்டு ஆட்டத்துல, கணக்குல சேராத அஞ்சாவது புள்ள ஒண்ணு சொன்னியே, அது அன்னைக்கு அழுதுக்கிட்டு இருக்குமே. அதை யாரு பாத்துக்குவாங்க?"

"பயிற்சியாளர்தான், பாட்டி. அதுவும் அந்த வேலையில் சேர்த்திதான்."

"ம்" என்றாள். மருமகளை ஒரு தரம் பார்த்தாள். பேத்தியை ஒரு தரம் பார்த்தாள். மகனைப் பார்க்கவில்லை.

அவர் இன்னும் சம்மதம் சொல்லவில்லை. நான் புறப்படுகிற வரையில் சொல்லவில்லை. நெய்ப் பாத்திரத்தை இறுகக் கட்டிப் பையில் வைத்துக் கொண்டு நான் செருப்பை மாட்டும்போது, உள்ளே ஊஞ்சலிலிருந்து அப்பத்தாவின் குரல் கேட்டது.

"ஏன் கண்ணு, அந்த விசிலு என்ன வெலை ஆகும்?"