ஒரே மழையில் நிரம்பும் குளங்கள்

வன்னியில் மாரி தொடங்கியதும் எந்தக் குளத்தில் எத்தனை அடி நீர் உள்ளது என்ற செய்தி நாளாந்தம் வெளிவருகின்றது. குளங்கள் தனித்தனியாகவே கணக்கிடப்படுகின்றன. ஆபத்து அவ்வாறு தனித்தனியாக வருவதில்லை.

நூறாண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளமே உடைக்கவல்ல இரு குளங்கள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்றுக்கொன்று தொடர்பில்லையெனில், இரண்டும் ஒரே ஆண்டில் உடையும் வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று. கேட்பதற்கு நிம்மதியான எண்தான். ஆனால் இரண்டின் மீதும் பெய்வது ஒரே மழையெனின் அவ்வாய்ப்பு நூறில் ஒன்றை நெருங்கிவிடும். ஒரே அதிர்ச்சி பல உறுப்புகளை ஒருசேர வீழ்த்தும் நிலைக்கு மார்ஷல், ஒல்கின் ஆகியோர் 1967 இல் கணித வடிவம் தந்தனர்.

வன்னியில் இதனுடன் மேலும் இரு பிணைப்புகள் சேர்கின்றன. மேற்குளம் உடைந்தால் அதன் நீர் முழுவதும் கீழ்க்குளத்தின் கட்டை அழுத்துகின்றது. அத்துடன், 1990 இல் முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டும் பின்னர் தமிழர்கள் இடம்பெயர்ந்தும் இருந்த காலத்தில் பல குளங்கள் பராமரிப்பின்றிக் கிடந்தன. ஒரே காலத்தில் நலிந்த கட்டுகளும் துருசுகளும் ஒரே காலத்தில் பழுதடைவதில் வியப்பில்லை.

2018 டிசம்பர்ப் பெருமழையில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டு, கிளிநொச்சியின் தாழ்நிலங்கள் நீரில் மூழ்கின. கதவுகள் உரிய வேளையில் திறக்கப்பட்டனவா என்பது சர்ச்சையாகி விசாரணை வரை சென்றது. கேட்கவேண்டிய கேள்விதான். ஆயினும் கனகராயன் ஆற்றுப் படுகையில் மேலேயுள்ள குளங்களின் நிலை கீழேயிருந்தோருக்கு எந்தளவு தெரிந்திருந்தது என்பது அதனினும் பெரிய கேள்வியாகும். 80 ஹெக்டேயருக்கு உட்பட்ட வயல்களுக்குப் பாயும் சிறுகுளங்கள் கமநல அபிவிருத்தித் திணைக்களத்தின் பொறுப்பிலும், பெரிய குளங்கள் நீர்ப்பாசனத் திணைக்களங்களின் பொறுப்பிலும் உள்ளன. கோப்புகள் இரண்டு, ஓடை ஒன்று.

வன்னிக்கு வெளியிலும் இதுவே நிலை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மகாவலி பெருக்கெடுத்து, திருகோணமலை மாவட்டத்தின் மாவிலாற்றுக் கட்டு உடைந்து, மூதூர்ப் பகுதியின் தமிழ், முஸ்லிம் கிராமங்கள் ஒருங்கே அல்லலுற்றன.

வறட்சியிலும் குளங்கள் சேர்ந்தே வற்றுகின்றன என்பதைச் சிறுபோகக் கூட்டங்களில் எவரும் நினைவூட்டுவதாகத் தெரியவில்லை.

ஆகவே, திருத்த வேலைக்கான நிதியும் மழைக்காலக் கண்காணிப்பும் குளத்துக்குக் குளம் என்றில்லாது, ஓடைத் தொடருக்கு ஒன்றாக வகுக்கப்படல் வேண்டும். அதற்கு முதற்படியாக, எக்குளம் எந்நாளில் உடைந்தது, அன்று அதன் மேற்குளமும் கீழ்க்குளமும் எந்நிலையிலிருந்தன என்ற விபரங்களை இரு திணைக்களங்களும் கமக்கார அமைப்புகளின் துணையுடன் ஒரே பதிவேட்டில் திரட்டுதல் வேண்டும்.