இறுக்கம் வேறு, பிடிப்பு வேறு

ஸ்பிரிங் இறுக இறுக ஸ்போர்ட்ஸ் கார் வளைவில் நன்றாகத் திரும்பும் என்ற வாதம் பந்தயத் தடத்தோடு நின்றுவிடுகிறது. டயர் தரையில் பதிந்திருந்தால்தான் பிடிப்பு. இருங்காட்டுக்கோட்டைத் தடத்தின் சீரான பரப்பில் உதவும் இறுக்கம், திருப்பாச்சூர் வழியாகத் திருத்தணி போகும்போது பள்ளம் கண்ட இடத்தில் சக்கரத்தைத் துள்ளவைக்கும். திருவள்ளூர் ஆலையில் 1998 முதல் தயாரான மிட்சுபிஷி லான்சரை ராலி ஓட்டுநர்கள் விரும்பியது கட்டைபோல் விறைத்திருந்ததால் அல்ல. பின்புற மல்ட்டி-லிங்க் அமைப்பு சக்கரத்தைத் தரையோடு வைத்திருந்தது.

சாய்வைக் குறைக்க ஆன்டி-ரோல் பார் போதும். இரு சக்கரமும் சேர்ந்து மேடேறினால் அது குறுக்கிடாது. ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்குவது ஷாக் அப்சார்பர். அது தேய்ந்திருக்க, இறுகிய ஸ்பிரிங் மாட்டுவது வீண் செலவு. காரைத் தாழ்த்த ஸ்பிரிங்கை அறுப்பதோ அதைவிட மோசம்: சக்கரம் மேலெழ இடமின்றி, ஒவ்வொரு குழியிலும் தடுப்பு ரப்பரில் இடிக்கும்.